ஊளம்பாறைக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே: நாஞ்சில் நாட்டில் மனநலப் பணியாளர்களின் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சு வழக்கில் மனநோயைக் குறிக்க இரண்டு ஊர்ப் பெயர்கள் வழங்கி வருகின்றன. ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ள ஊளம்பாறை. மற்றொன்று சென்னையில் உள்ள கீழ்ப்பாக்கம். முன்னது, இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த காலம் விட்டுச் சென்ற சொல். பின்னது, 1956-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு திரைப்படங்களின் வழியாகவும் வார இதழ்களின் வழியாகவும் வந்து சேர்ந்த சொல். நோயுற்றவரையும் அவர் குடும்பத்தாரையும் தெருவில் தலைகுனிய வைக்கும் ஏச்சாக இரண்டுமே திரிந்துபோனது வருந்தத்தக்கது. எனினும் வரலாற்றை ஆராய்வோருக்கு அவை ஒரு செய்தியைத் தருகின்றன: இந்நிலத்து மக்களுக்கு மனநோய்க்கான அரசு மருத்துவம் என்பது நெடுங்காலம் வேறோர் ஊரின் பெயராகவே இருந்திருக்கிறது. காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் பல்வலிக்கும் உள்ளூரிலேயே ஆள் உருவான ஒரு மாவட்டத்தில், மனத்தின் நோய்க்கு மட்டும் ஏன் ஆள் உருவாகவில்லை என்ற கேள்விக்கு விடை தேட, ஆட்சிகள் எழுப்பிய கட்டடங்களை விட, அவை பயிற்றுவித்த மனிதர்களைப் பற்றியே மிகுதியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் நாடு என்னும் பெயர், துல்லியமாகச் சொன்னால், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய இரண்டு தாலுகாக்களின் வயல்வெளியைக் குறிக்கும். மேற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்தே இன்றைய மாவட்டம் அமைந்தது. இந்நான்கு தாலுகாக்களிலும் மனக்கலக்கம் கொண்டவரைப் பார்க்கும் பொறுப்பு பழங்காலத்தில் பலர் கையில் பிரிந்திருந்தது. வாதை பிடித்தது, இசக்கி பிடித்தது என்று கருதப்பட்டவர்களுக்கு மந்திரவாதி நூல் கட்டினார். கொடை விழாவில் சாமியாடி குறி சொன்னார். அய்யாவழி மக்கள் சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் நீராடினர். தேவாலயங்களிலும் தர்காக்களிலும் குடும்பத்தோடு தங்கி வேண்டிக்கொள்வோரும் இருந்தனர். இவர்கள் அனைவரிலும் மருத்துவர் என்ற பெயருக்கு உரியவராகக் கருதப்பட்டவர் ஆசான். வர்ம மருத்துவமும் சித்த மருத்துவமும் ஒருங்கே கற்றவரை இப்பகுதியில் ஆசான் என்று அழைப்பது மரபு. உடலில் அடிபட்டால் உயிருக்கே ஊறு நேரக்கூடிய இடங்களை வர்மம் என்பர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என மொத்தம் 108 இடங்களை மரபு கணக்கிட்டது. சித்த மரபில் அகத்தியர் பெயரால் வழங்கும் ஒரு நூல் மனநோய்களைப் 18 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியும் மருந்தும் கூறுவது இந்திய மனநல மருத்துவ வரலாற்றை எழுதியவர்களால் பெருமையோடு எடுத்துக்காட்டப்படுகிறது. அப்பெருமை நியாயமானதே. ஆனால் ஆசானின் அறிவு குருவிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஓரிரு சீடர்களுக்கு, அதுவும் மறைபொருளாகவே கைமாறியது. அவ்வாறு கைமாறும் அறிவு ஆழமாக இருக்க முடியும், ஒரு நாட்டின் தேவைக்கேற்ற எண்ணிக்கையில் பெருக முடியாது.

எண்ணிக்கையைக் கருத்தில் கொண்டு ஆள் உருவாக்கும் முயற்சி இப்பகுதியில் முதன்முதலாக நெய்யூரில் நிகழ்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவர் சில ஆண்டுகளில் விலகிவிட, பணி நின்றுபோயிற்று. 1852-இல் வந்த சார்லஸ் லீச் அதை மீண்டும் தொடங்கினார். 1854-இல் அவர் முட்டம் கடலில் மூழ்கி இறக்கவே, மருத்துவமும் அவரோடு மூழ்கியது. ஒரே மருத்துவரை நம்பி நடக்கும் மருத்துவமனை அம்மருத்துவரோடு முடிந்துவிடும் என்பதை இருமுறை கண்ட பின்னரே மூன்றாமவரின் காலம் வருகிறது. 1861-இல் வந்த ஜான் லோ, 1864-இல் உள்ளூர் இளைஞர்களுக்கென ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அம்மாணவர்கள் வார்டில் நோயாளிகளைப் பார்த்தும், புண்ணுக்குக் கட்டுப் போட்டும், மருந்து கலந்தும் கற்றுத் தேர்ந்து, சுற்றுவட்டாரக் கிளை மருந்தகங்களுக்குப் பொறுப்பாளர்களாக அனுப்பப்பட்டனர். லோ 1868-இல் நாடு திரும்பினார். ஆனால் இம்முறை பணி நிற்கவில்லை. அடுத்த வெள்ளையர் மருத்துவர் வருவதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நெய்யூரையும் கிளைகளையும் தாங்கி நின்றவர்கள் அவ்வகுப்பில் படித்த இம்மண்ணின் பிள்ளைகளே. பின்னர் தாமஸ் தாம்சன் காலத்திலும், எவரெஸ்ட் ஏற முயன்று புகழ்பெற்று 1920-களில் நெய்யூருக்கு வந்து சேர்ந்த ஹோவர்டு சாமர்வெல் காலத்திலும் அம்மருத்துவப் பணி தென்னிந்தியாவின் பெரிய மிஷன் மருத்துவப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்ததற்கு 1864-இன் அம்முடிவே அடித்தளம். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மி நிறுவிய கேத்தரின் பூத் மருத்துவமனையும் அதே வழியில் உள்ளூர்ப் பெண்களைச் செவிலியர்களாக்கியது. மாவட்டத்தின் செவிலியர் மரபு இவ்விரண்டு ஊற்றுகளிலிருந்தும் பெருகியதே.

நெய்யூர் வகுப்பின் பாடங்களுள் மனநோய்க்கு இடமிருக்கவில்லை. அதற்காக லோவைக் குறைகூற இயலாது. அக்காலத்து ஐரோப்பிய மருத்துவமே மனநோயைத் தனி மதில்களுக்குள் வைத்துப் பார்த்தது. திருவிதாங்கூர் அரசும் அவ்வழியே சென்றது. ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட 1870-ஆம் ஆண்டில் ஊளம்பாறை மருத்துவமனையின் வரலாறு தொடங்குகிறது. ஏறத்தாழ அதே வேளையில், 1871-இல், சென்னையின் மனநோயர் காப்பகம் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்துக்கு இடம் மாறியது. அதன் வேர் 1794-இல் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் நடத்திய காப்பகத்தில் இருக்கிறது. இரு நகரங்களிலும் அரசு திட்டமிட்டவை நிலமும் சுவரும் அறையும் சோறும் காவலும். அங்கு பணிபுரிந்தோருள் மருத்துவம் கற்றவர் மிகச் சிலர், காவலாட்களே பெரும்பான்மையினர். மனநோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லாதபோது அரசுக்குத் தெரிந்த ஒரே பணி பாதுகாத்து வைப்பதாக இருந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அப்பழக்கம் மருந்து வந்த பிறகும் அரைநூற்றாண்டு காலம் நீடித்தது. அதற்குச் சமாதானம் சொல்வது எளிதன்று.

இந்தியா முழுமைக்குமான கணக்கை முதன்முதலில் எடுத்து வைத்தது 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை. சர் ஜோசப் போர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த அக்குழு, மனநோய்க்கான படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே எனவும், அது 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்ற விகிதம் எனவும், இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒன்று எனவும் காட்டியது. அவ்வறிக்கையின் சிறப்பு, படுக்கைகளைக் கேட்டதோடு நில்லாமல், மனநலத்தில் தேர்ந்த மருத்துவர்களையும் பிற பணியாளர்களையும் உருவாக்கும் நிறுவனங்களையும் கேட்டதில் இருக்கிறது. அதன் பயனாக 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974-இல் அது நிம்ஹான்ஸ் என இன்று அறியப்படும் நிறுவனமாக விரிந்தது. மனநலப் பணிக்கு ஒரு மருத்துவர் மட்டும் போதாது என்பதும், நால்வகைப் பணியாளர் வேண்டும் என்பதும் அங்கிருந்தே இந்தியா முழுவதும் பரவின. நோயைக் கண்டறிந்து மருந்து தருபவர் மனநல மருத்துவர். சோதனைகளாலும் பேச்சு வழிச் சிகிச்சையாலும் உதவுபவர் மருத்துவ உளவியலாளர். குடும்பம், வேலை, வருமானம், சட்டம் ஆகிய புறச்சிக்கல்களைத் தீர்த்து நோயாளியை ஊரோடு சேர்த்து வைப்பவர் மனநல சமூகப் பணியாளர். இம்மூவரின் முடிவுகளையும் நாள்தோறும் நடப்பில் வைத்திருப்பவர் மனநலச் செவிலியர்.

இக்கருத்துகள் பெங்களூரில் முளைவிட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் 1956 நவம்பர் 1 வந்தது. மார்ஷல் நேசமணி போன்றோர் தலைமையில் நடந்த நெடிய போராட்டத்தின் வெற்றியாக நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. மொழியால் நியாயமான அவ்விணைப்பு, மனநோயாளியின் குடும்பத்துக்கு எவரும் எண்ணிப்பாராத ஓர் இழப்பைக் கொண்டுவந்தது. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருந்த ஊளம்பாறை வேற்று மாநிலத்து மருத்துவமனை ஆயிற்று. தம் மாநில அரசின் மனநோய் மருத்துவமனையோ ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மாவட்டத்தில் அன்று ரயில் பாதையே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு இணைத்த பாதை 1981-இல் வந்தது. ஆகவே கொந்தளிப்பில் இருக்கும் ஒருவரை முதலில் பேருந்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலிக்கும், பின்னர் இரவு முழுதும் ரயிலில் எழும்பூருக்கும் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

அப்பயணத்துக்கு முன் காகிதப் பயணம் ஒன்றும் இருந்தது. 1912-ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டப்படி, தாமாக வந்து சேர இசையாத ஒருவரை மனநோய் மருத்துவமனையில் சேர்க்க, உறவினர் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்ய வேண்டியிருந்தது. மனுவோடு இரண்டு மருத்துவச் சான்றுகள் இணைக்கப்பட வேண்டியிருந்தது. அவற்றைப் பார்த்து நோயாளியையும் நேரில் கண்டு மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் சேர்க்கை ஆணையைக் கையில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. களவு வழக்குகள் நடக்கும் அதே நீதிமன்ற வராந்தாவில், ஒரு குற்றமும் செய்யாத மகனோடு தாய் காத்திருந்தாக வேண்டியிருந்தது என்பதே இதன் நடைமுறைப் பொருள். பணமும் ஆள்பலமும் உள்ள குடும்பங்களே இவ்வளவையும் கடந்து கீழ்ப்பாக்கத்தின் வாசலை அடைந்திருக்கக்கூடும். ஏனையோர்க்கு வீட்டின் பின்கட்டும், வழிபாட்டிடங்களின் திண்ணையும் எஞ்சின. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளை நாடும் பழக்கம் மாவட்டத்தில் இன்றளவும் மறையாததற்கு, பழைய பற்றைவிட இந்தத் தொலைவே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

தொலைவைக் குறைக்கும் வழியை மருந்தியல் முன்னரே திறந்துவிட்டிருந்தது. 1950-களில் புழக்கத்துக்கு வந்த குளோர்புரோமசின் என்னும் மருந்து, நோயாளியைப் பூட்டி வைக்காமல் வீட்டில் இருத்தியே சிகிச்சை தர இயலும் என்று காட்டியது. அதன்பின் தேவைப்பட்டவை மதில்கள் அல்ல. மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து, பக்கவிளைவைக் கவனித்து, நோயாளி வராத மாதத்தில் வீடு தேடிச் செல்லும் ஆட்கள். 1970-களின் நடுப்பகுதி தொட்டு, சண்டிகரை அடுத்த ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரை அடுத்த சகலவாராவிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண மருத்துவரும் பணியாளரும் குறுகிய காலப் பயிற்சியோடு இப்பணியைச் செய்ய முடியும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரியில் மாவட்ட அளவில் அது செயல்படுத்தப்பட்டது. ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரு சிறு நிபுணர் குழுவும், அது பயிற்றுவித்த பொதுப் பணியாளர்களும் கவனிப்பது என்னும் இம்முறை, சாராம்சத்தில் ஜான் லோ நெய்யூரில் செய்ததே. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்துக்குக் கிடைத்தது திருச்சிராப்பள்ளி. ஏனைய மாவட்டங்களுக்கு அது படிப்படியாகவே வந்தது.

அந்தத் தாமதத்தின் விலை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் வெளிப்பட்டது. தர்காவை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து மாநிலங்களுக்கு ஆணைகள் பிறப்பித்தது. அங்கே பிணைக்கப்பட்டிருந்தவர்களின் குடும்பங்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. தம் ஊரில் கைநீட்டிப் பிடிக்க ஒரு பணியாளர் இல்லாத குடும்பங்கள் அவை என்று எழுதுவதே நியாயம்.

அதே 2001-ஆம் ஆண்டில், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில், பழைய காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி வந்தால் மனநலப் பிரிவும் உடன் வரும். கட்டாயப் பாடம் என்பதால் ஆசிரியர்களும் வருவர். இணைப்புக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இம்மாவட்டத்து ஏழை நோயாளிக்குப் பேருந்துத் தொலைவில் அரசின் மனநல மருத்துவம் நிலையான இடம் பெற்றது இவ்வாறுதான்.

மூன்றாண்டுகளில் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில், மாவட்டம் முழுவதுமாக ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். ஒரே நாளில் இத்தனை வீடுகளில் துக்கம் விழுந்தபோது, மருந்துச் சீட்டால் அதைத் தொட முடியாது என்பதை அரசும் உணர்ந்தது. நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதலில் தமிழகக் கடற்கரை எங்கும் சமூக நிலைப் பணியாளர்கள் உளவியல் சமூக ஆதரவுக்குப் பயிற்சி பெற்றனர். துயருற்றவரைப் பேசவிட்டுக் கேட்பது, நிவாரணத்துக்கு வழிகாட்டுவது, தூக்கமும் உணவும் நெடுநாள் தவறுவோரை இனம் கண்டு மருத்துவரிடம் அனுப்புவது ஆகியன சேர்ந்ததே அவ்வாதரவு. இம்முயற்சியின் குறை, பேரிடர்க்கால நிதியோடு அது பிறந்ததில் இருந்தது. நிதி வற்றியபோது, பயிற்சி பெற்ற கைகள் வேறு வேலை தேடிப் போயின.

அக்கைகளின் தேவை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது மீண்டும் எழுந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத சாவில் துக்கம் முடிவதற்கு ஓர் இடமில்லை. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை. தாலியைக் கழற்றுவதா என்ற கேள்விக்கு விடை இல்லை. படகுச் சத்தம் கேட்கும் ஒவ்வோர் இரவும் எதிர்பார்ப்பு மீண்டும் உயிர்க்கிறது. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டு காத்திருக்கச் சொல்லும் சட்ட விதியை அக்குடும்பங்களுக்காகத் தளர்த்தி உதவித்தொகை வழங்கியது தமிழக அரசின் நல்ல செயல். ஆனால் அத்தகைய துக்கத்தோடு மாதக்கணக்கில் உடனிருப்பதற்கு, கடற்கரையின் பேச்சும் வழிபாடும் அறிந்த நிரந்தரப் பணியாளர் வேண்டும். பேரிடருக்குப் பின் வெளியூரிலிருந்து முகாம் போட வருவோரால் அது கூடுவதில்லை.

இவ்வரலாற்றில் சட்டத்தின் மொழி முதன்முறையாகப் பணியாளர்களை நோக்கித் திரும்பியது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான். 1912-இன் சட்டம் சேர்க்கை ஆணையைப் பற்றிப் பேசியது. 1987-இன் சட்டம் மருத்துவமனைகளின் உரிமத்தைப் பற்றி மிகுதியாகப் பேசியது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமோ, சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்ததோடு, தன் 31-ஆம் பிரிவில், பணியாளர் தேவையைத் திட்டமிடுவதும் உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சிகளை உருவாக்குவதும் அரசின் கடமை என்றது. அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள மருத்துவ அலுவலர் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்றது. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் பன்னாட்டு வழிகாட்டுதலை எட்டப் பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்றும் கெடு வைத்தது. அக்கெடு 2028 மே மாதத்தில் முடிகிறது.

எண்களை மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அக்கெடுவின் கனம் விளங்கும். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 0.75 மனநல மருத்துவர் என்பது 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு. குறைந்தது 3 பேர் வேண்டும் என்பது துறையினர் வைக்கும் அளவு. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. முதல் விகிதப்படி இம்மாவட்டத்துக்குப் 14 பேரும் இரண்டாவதன்படி 56 பேரும் வருவர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலும் மூன்றாண்டு படித்தே ஒருவர் மனநல மருத்துவர் ஆகிறார் என்பதால், 56 பேரை எந்த ஆணையாலும் ஓரிரு ஆண்டில் வரவழைத்துவிட முடியாது. 14416 என்னும் எண்ணில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. தொலைபேசியால் இயலாத வேலைகளுக்கு ஓர் உதாரணம் ஃபுளூபெனசின் ஊசி. மாத்திரை விழுங்க மறுக்கும் நாள்பட்ட நோயாளிக்கு, எண்ணெயில் கரைத்த இம்மருந்தை இடுப்புத் தசையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்தினால், மருந்து மெல்லக் கசிந்து அடுத்த ஊசி வரை காக்கும். ஊசி மலிவு, போடுவது எளிது. ஆனால் அடுத்த தேதி எதுவென்று குறித்து வைத்திருந்து, நோயாளி வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டி, கை நடுக்கமோ தாடை இறுக்கமோ உண்டா என்று பார்த்து, தாயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர ஒரு செவிலியர் வேண்டும். ஓராண்டு முழுதும் நலமாக இருந்தவர் மீண்டும் சீர்குலைய, தவறிப்போன ஒரு தேதியே போதுமானதாக இருப்பதுண்டு.

அச்செவிலியருக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை என்பதே இவ்வரலாற்றின் நெஞ்சை வருத்தும் பகுதி. படிப்பறிவு 91.75 விழுக்காடு என்று 2011-இல் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. நெய்யூர் தொட்டு வந்த மரபில், இங்கு ஆண்டுதோறும் பயிற்சி முடிக்கும் செவிலியர் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கின்றனர். செவிலியப் பட்டப்படிப்பில் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடம். மனநோய்ப் படுக்கைகள் உள்ள மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் பணிபுரிந்தே ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெறுகிறார். மனக்கலக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அவர் அறிந்தே வெளிவருகிறார். தான் பிறந்த ஊரின் சுகாதார நிலையத்தில் அவ்வறிவைப் பயன்படுத்த நிரந்தரமான, மதிப்புள்ள ஒரு பணியிடம் அரசின் பட்டியலில் இருந்தால் அவர்களுள் சிலரேனும் தங்குவர். மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியிடங்களோ இன்றும் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தில் நிரப்பப்படுபவை. ஆகவே அந்தச் சில வார வார்டுப் பயிற்சியின் குறிப்பேடு சான்றிதழ்களோடு சேர்த்து உறையிலிடப்படுகிறது. அதை எழுதியவர் அடுத்து விண்ணப்பிப்பது கடவுச்சீட்டுக்கு.